எதிர்க்கரையைக் காட்டிய கட்டிடக் கலைஞர்

காலை 8 மணிக்கு மேல் செம்பூர் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். வி.டி. பக்கம் போகிற வண்டியில் கால் வைக்க இடம் இராது. வாசலில் தொங்குகிறவர் போக, அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவரும் உண்டு. எதிர்த் திசையில் வாசிக்கும் பன்வேலுக்கும் போகிற வண்டிகளில் இப்போது ஓரளவு கூட்டம் ஏறுகிறது. ஆனால் தண்டவாளம் மான்கூர்டுடன் முடிந்துபோன காலத்தில், காலை வேளையில் அந்தப் பக்கம் போகிற வண்டியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம்!

ஏன் இப்படி? மும்பை ஒரு நாக்கைப் போல நீண்டு கடலுக்குள் கிடக்கிற ஊர். செக்ரடேரியட், கோர்ட்டு, பாங்கு, துறைமுகம் எல்லாம் நாக்கின் நுனியில். ஜனங்கள் குடியிருப்பது அடிநாக்கில். காலையில் எல்லாரும் தெற்கே போகவேண்டும். மாலையில் எல்லாரும் வடக்கே திரும்பவேண்டும். எத்தனை வண்டி விட்டாலும் ஒரு பக்கம் பிதுங்கும், மறுபக்கம் காற்று வாங்கும். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது தினசரி பார்க்கிற வேடிக்கை.

இதற்கு ரயில்வே மட்டும் மருந்து தர முடியாது, ஊரின் வடிவத்தையே மாற்றவேண்டும் என்று 1964-ம் ஆண்டிலேயே மூன்று பேர் சொன்னார்கள். அப்போதுதான் நகரசபை தன்னுடைய வளர்ச்சித் திட்டத்தின் நகலை வெளியிட்டு, பொதுமக்கள் யோசனை சொல்லலாம் என்று அறிவித்திருந்தது. அந்த மூவரில் ஒருவர் பிரவீணா மேத்தா, கட்டிடக் கலைஞர். இன்னொருவர் சிரிஷ் பட்டேல், என்ஜினீயர். மூன்றாமவர் சார்லஸ் கொரியா. அப்போது அவருக்கு வயது 34.

அந்தக் கொரியா பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார். லண்டனில் தங்கப்பதக்கம், டெல்லியில் பத்ம விபூஷண் என்று பல மரியாதைகள் அவரைத் தேடி வந்தன. ஆனால் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கிற நம்மவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு காரணம் உண்டு. நாம் ஏறுகிற ரயில், வாசியிலும் நெரூலிலும் நம்மில் பலர் வாங்கிய வீடு, தாராவியில் நடந்த முதல் பெரிய சீரமைப்பு எல்லாவற்றிலும் அவருடைய கை பட்டிருக்கிறது. சில இடங்களில் நன்மையாகப் பட்டது. ஒரு இடத்தில் நம்முடைய ஜனங்கள் அவருடைய கமிட்டியை எதிர்த்தே நிற்க வேண்டியிருந்தது. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

பொம்மை ரயில்

சார்லஸ் கொரியா 1930 செப்டம்பர் 1-ந் தேதி செகந்திராபாத்தில் பிறந்தவர். கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். படிப்புக்காகப் பம்பாய் வந்து செயிண்ட் சேவியர் கல்லூரியில் சேர்ந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோது பொம்மை ரயில் என்றால் அவருக்கு உயிர். தண்டவாளத் துண்டுகளை இப்படியும் அப்படியும் பூட்டி, எங்கே வளைப்பது, எங்கே பிரிப்பது, ஸ்டேஷனை எங்கே வைப்பது என்று மணிக்கணக்கில் யோசித்துக்கொண்டிருப்பாராம். கட்டிடக்கலையில் ஆசை பிறந்தது அங்கேதான் என்று பின்னாளில் அவரே எழுதினார். ரயில்வே உத்தியோகத்தில் இருக்கிற எவருக்கும் இதைக் கேட்டால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

1949-ல் அமெரிக்கா போய் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே பக்மின்ஸ்டர் புல்லர் என்ற மேதையிடம் பாடம் கேட்டார். அதற்குப் பிறகு எம்.ஐ.டி.யில் மேல்படிப்பு. 1955-ல் அங்கே அவர் பட்டத்துக்காகச் செய்து கொடுத்தது கட்டிடப் படம் அல்ல, ஒரு சினிமாப் படம்! பாழடைந்துபோன ஒரு குடியிருப்பை அங்கே வசிக்கிற ஜனங்களே கூடிப் பேசி எப்படிச் சீர்செய்யலாம் என்று விளக்குகிற கார்ட்டூன் படம் அது. தெருவைத் திருத்துவதில் தெருவில் குடியிருக்கிறவனுக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் 25 வயதிலேயே அவருக்கு இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாராவிக் கதை வரும்போது தேவைப்படும்.

ஊர் திரும்பிய பிறகு 1958-ல் பம்பாயில் சொந்தத் தொழில் தொடங்கினார். முதலில் கிடைத்த பெரிய வேலையே சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம். 1963-ல் நேரு திறந்து வைத்தார். செங்கல் தூண், ஓட்டுக் கூரை, நடுவே தண்ணீர்த் தொட்டி, ஆங்காங்கே முற்றம். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மரப்பலகை அடுக்குகள்தான், திறந்து மூடிக்கொள்ளலாம். காந்திக்குக் கட்டுகிற இடத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

வெயிலோடு ஒப்பந்தம்

இன்றைக்கு 'சூழலுக்கு உகந்த கட்டிடம்' என்று பெரிய கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. கொரியா அதை 1960-களின் தொடக்கத்திலேயே ஏழைக்கான வீட்டில் செய்து பார்த்தார். ஆமதாபாத்தில் அவர் கட்டிய 'குழாய் வீடு' அகலம் 3.6 மீட்டர்தான், நீளம் 18 மீட்டர். கூரை இரு பக்கமும் சரிந்து ஏறும். உள்ளே சூடாகிற காற்று அந்தச் சரிவோடு மேலேறி உச்சியில் உள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். அந்த இடத்தை நிரப்பக் கீழே வாசல் பக்கத்திலிருந்து புதுக் காற்று உள்ளே வரும். விசிறி சுற்றாமலே காற்றோட்டம். அந்த வீடு 1995-ல் இடிக்கப்பட்டுவிட்டது.

தாதரில் உள்ள போர்ச்சுகீஸ் சர்ச் பலருக்கு பஸ் ஸ்டாப்பின் பெயராகத்தான் தெரியும். 1970-களில் அதைப் புதிதாகக் கட்டியவரும் இவர்தான். வெளியே இருந்து பார்த்தால் தலைகீழாகக் கவிழ்த்த பெரிய புனல்களைப் போல இருக்கும். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. சூடான காற்று மேலே போக அதுவே வழி. நடுநடுவே திறந்த முற்றங்கள். அடுத்த தடவை கோகலே ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள்.

பணக்காரர்களுக்கும் கட்டினார். கம்பாலா ஹில்லில் 28 மாடி 'காஞ்சன்ஜங்கா' கட்டிடம் 1983-ல் முடிந்தது. மும்பையில் வீடு என்றால் மேற்கே பார்க்கவேண்டும், அப்போதுதான் கடற்காற்று வரும். ஆனால் அதே மேற்கிலிருந்துதான் பிற்பகல் வெயிலும் ஜூன் மாத மழையும் அடிக்கிறது. பழைய பங்களாக்கள் இதற்காகச் சுற்றிலும் வராந்தா வைத்தன. கொரியா அந்த வராந்தாவை மூலைக்கு மூலை இரண்டு மாடி உயரத் தோட்டமாக்கி ஆகாயத்தில் ஏற்றிவிட்டார். நம் ஊர்த் திண்ணையும் தாழ்வாரமும் செய்கிற வேலைதான் அது. திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. ஆனால் அதை ஒரு சாஸ்திரமாக எழுதி, பாடமாக்கி, வெளிநாட்டுக்காரன் நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொள்ளும்படி சொல்லிக் கொடுத்தது கொரியாதான்.

நம்முடைய தென்பக்கத்திலும் அவர் வேலை உண்டு. கோவளம் கடற்கரையில் உள்ள விடுதியும் சென்னையில் எம்.ஆர்.எப். டயர் கம்பெனியின் தலைமை அலுவலகமும் அவர் வரைந்தவையே.

கடலுக்கு அக்கரையில்

மறுபடியும் 1964-க்கு வருவோம். மூவரும் சொன்ன யோசனை எளிமையானது. தெற்கு வடக்காக மட்டும் வளர்ந்துகொண்டே போனால் இந்த ஊர் மூச்சுத் திணறிச் சாகும். துறைமுகத்துக்குக் கிழக்கே, கடலுக்கு அக்கரையில் நிலம் சும்மா கிடக்கிறது. அங்கே இரட்டை நகரம் ஒன்றை உண்டாக்குங்கள். வெறும் வீடு கட்டினால் போதாது, வேலையும் அங்கே போகவேண்டும். அதற்கு அரசாங்கமே செக்ரடேரியட்டை அக்கரைக்கு மாற்றி வழி காட்டவேண்டும். அப்போது போக்குவரத்து கிழக்கு மேற்காகவும் பிரியும்.

பணத்துக்கு என்ன வழி? அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நிலத்தை அரசாங்கமே வாங்கி, ரோடு, தண்ணீர், ரயில் எல்லாம் போட்டால் நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றம் தனியார் பையில் விழாமல் ஊருக்கே திரும்ப வந்தால், ஏழைகளுக்கு வீடும் பஸ்ஸும் அதிலேயே நடக்கும். 1965 ஜூனில் முல்க்ராஜ் ஆனந்த் ஆசிரியராக இருந்த 'மார்க்' பத்திரிகையில் இந்தத் திட்டம் வெளியாயிற்று.

அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1970 மார்ச்சில் 'சிட்கோ' அமைக்கப்பட்டது. 95 கிராமங்களின் நிலத்தை உள்ளடக்கிய 344 சதுர கிலோமீட்டர். கொரியா தலைமைக் கட்டிடக் கலைஞர் ஆனார். 1975 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1973-ல் வாசிப் பாலம் வந்தது. ரயில்தான் வரவில்லை! மான்கூர்டிலிருந்து வாசிக்கு ரயில் ஓட 1992 ஆயிற்று. அதிலும் செலவில் மூன்றில் இரண்டு பங்கை சிட்கோ கொடுக்க, மூன்றில் ஒரு பங்கு ரயில்வே போட்டது. பாலத்துக்கும் ரயிலுக்கும் இடையே கிட்டத்தட்ட 20 வருஷம். அந்த 20 வருஷமும் செம்பூரிலிருந்து அக்கரைக்குப் போக பஸ்தான். போனவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

செக்ரடேரியட்? அது நகரவே இல்லை. ஒரு கையால் புதுப் பம்பாய்க்கு அஸ்திவாரம் போட்ட அரசாங்கம், மறு கையால் நாரிமன் பாயிண்டில் கடலைத் தூர்த்து ஆபீஸ் கட்டிடங்களுக்கு நிலம் விற்றது. மொத்த வியாபாரச் சந்தைகள் வாசிக்குப் போயின. வீடுகள் போயின. நாக்கின் நுனியில் இருந்த நாற்காலிகள் போகவில்லை. தன்னுடைய திட்டத்தின் உயிர்நாடியையே வெட்டிவிட்டார்கள் என்று கொரியா கடைசிவரை வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு.

ஆனால் நிலம் 'சும்மா கிடக்கிறது' என்று சொன்னது பாம்பே மேசையிலிருந்து பார்த்த பார்வை. அங்கே நெல் விளைந்தது, உப்பளம் இருந்தது, மீன்பிடிக்கிற ஆக்ரி, கோலி ஜனங்கள் இருந்தார்கள். கொடுத்த விலை போதாது என்று அவர்கள் டி.பி.பாட்டீல் தலைமையில் போராடினார்கள். 1984 ஜனவரியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான், எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதத்தை வளர்ச்சியடைந்த மனையாகத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. நிலத்தின் ஏற்றம் ஊருக்கே என்று திட்டம் போட்டவர்கள், நிலத்தைக் கொடுத்தவனையும் அந்த ஊரில் சேர்த்துக்கொள்ளப் பல வருஷமும் 5 உயிரும் தேவைப்பட்டது.

பேலாப்பூரில் ஏழு வீட்டு முற்றம்

சிட்கோவை விட்டு விலகிய பிறகு அதே சிட்கோவுக்காக 1983 முதல் 1986 வரை பேலாப்பூரில் கொரியா ஒரு குடியிருப்பு கட்டினார். 'ஆர்ட்டிஸ்ட் வில்லேஜ்' என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். 6 ஹெக்டேர் நிலம். ஏறத்தாழ 550 குடும்பங்கள். கொரியாவின் வாழ்நாள் ஆராய்ச்சி முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமானால் இங்கேதான் போகவேண்டும்.

ஏழு வீடுகள், நடுவே 8 மீட்டருக்கு 8 மீட்டர் முற்றம். இப்படி மூன்று தொகுதி சேர்ந்தால் 21 வீடு, அவற்றுக்கு நடுவே 12 மீட்டர் சதுரத்தில் இன்னொரு வெளி. அதில் மூன்று சேர்ந்தால் 20 மீட்டரில் பெரிய வெளி. குழந்தை முதல் முற்றத்தில் விளையாடும், அம்மா வாசலில் இருந்தே பார்த்துக்கொள்வாள். பையன்கள் இரண்டாவதில் பந்து ஆடுவார்கள். கூட்டம், பண்டிகை என்றால் மூன்றாவது. மழைத் தண்ணீர் போக நடுவே ஓர் ஓடை.

மனைகள் 45 சதுர மீட்டரிலிருந்து 75 வரை. அதாவது ஏழை வீட்டு மனைக்கும் வசதியான வீட்டு மனைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இல்லை. ஒவ்வொரு வீடும் தனியாக நிற்கும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டாது. செலவு குறைய, கழிவறைகளை மட்டும் பல வீடுகளில் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தார். சுவர் ஒட்டாததற்குக் காரணம் உண்டு. இன்றைக்குக் கையில் காசு இல்லை, ஒரு அறை போதும். நாளைக்குப் பையனுக்குக் கல்யாணம், மாடியில் ஒரு அறை எழுப்பவேண்டும். பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்காமல் எழுப்பிக்கொள்ளலாம். கொத்தனாரும் ஓடும் செங்கலும் உள்ளூரில் கிடைக்கிற சாமான்தான்.

'அடுக்குமாடி கட்டினால்தானே இடம் மிச்சம்?' என்று நாம் எல்லாரும் கேட்போம். கொரியா இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கே போதும், புரிந்துவிடும். ஒரு நகரத்தின் மொத்த நிலத்தில் வீடுகள் பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மற்றது ரோடு, ரயில், ஆபீஸ், தொழிற்சாலை, பள்ளிக்கூடம், மைதானம். ஆகவே வீடுகளை மூன்று மாடியிலிருந்து முப்பது மாடிக்கு ஏற்றினாலும் ஊரின் அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடாது. மாடி கூடக்கூட ஆளுக்கு வேண்டிய மைதானமும் தண்ணீரும் பள்ளியும் குறையவா போகின்றன? ஆனால் செலவு மட்டும் தாவி ஏறும். உயரக் கட்டிடத்துக்கு சிமெண்டும் இரும்பும் லிப்டும் வேண்டும். அந்தப் பணம் பெரிய கம்பெனிக்குப் போகும். தாழ்ந்த வீட்டுக்குச் செலவழிக்கிற பணம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தச்சனுக்கும் போகும். பேலாப்பூரில் பொது இடங்களைச் சேர்த்தே ஹெக்டேருக்கு 500 பேர் என்ற நெருக்கத்தைத் தரையோடு தரையாக நின்றே அவர் எட்டிக் காட்டினார்.

இன்னொன்றையும் அவர் கணக்கில் எழுதினார்: வானம். நம் நாட்டு வெயிலில் வருஷத்தில் பல மாதங்கள் சமைப்பது, பாத்திரம் துலக்குவது, வற்றல் காயவைப்பது, அரட்டை, இரவுத் தூக்கம் எல்லாம் வெளியிலேயே நடக்கிறது. அதனால் முற்றமும் மொட்டைமாடியும் வீட்டில் ஒரு அறைதான், சுவர் இல்லாததால் விலை குறைந்த அறை என்பது அவர் வாதம். ஒரு குடும்பத்துக்கு எத்தனை சதுர அடி என்று கேட்கிற அதிகாரி, முற்றத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

தாதாபாய் நவுரோஜி ரோட்டு நடைபாதைக்கு அவர் சொன்ன யோசனையும் இதே மாதிரிதான். 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரத்தில் திண்ணை கட்டி, இடையிடையே தண்ணீர்க் குழாய் வைக்கவேண்டும். பகலில் நடைபாதை வியாபாரி கடை விரிப்பான். சாயங்காலம் கழுவி விட்டால் இரவில் வீடில்லாதவர் சுத்தமான இடத்தில் படுத்துக்கொள்ளலாம். நடைபாதையில் ஜனங்கள் படுப்பது நமக்கெல்லாம் கண்ணில் பட்டும் படாத விஷயம். அவர் அதை அளந்து வரைபடம் போட்டார்.

வாத்தியார் கொரியா

எம்.ஐ.டி., ஹார்வர்டு, பென்சில்வேனியா, கேம்பிரிட்ஜ் என்று பல இடங்களில் அவர் பாடம் நடத்தினார். கட்டிடக்கலைப் படிப்பைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பில் ஏகலைவன் வருகிறான். 1985-ல் வெளியான 'தி நியூ லேண்ட்ஸ்கேப்' என்ற சிறிய புத்தகத்தில் மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் இருக்கின்றன. படங்கள் நிறைந்த, தடிமனில்லாத புத்தகம். கட்டிடக்கலை மாணவர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். 1975-லேயே பிலிம்ஸ் டிவிஷனுக்காக இந்த நகரத்தைப் பற்றி ஒரு குறும்படமும் எடுத்தார்.

1984-ல் மும்பையில் நகர வடிவமைப்பு ஆராய்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். கோட்டைப் பகுதியின் பழைய கட்டிடங்களை ஆராய்ந்து காப்பாற்றும் வேலையை அந்தக் கழகம் எடுத்துக்கொண்டது. 2014-லிருந்து 2034 வரைக்கான மும்பை வளர்ச்சித் திட்டம் தயாரானபோது, அதைச் சாதாரண ஜனங்கள் படித்துப் புரிந்துகொண்டு ஆட்சேபம் எழுத அந்தக் கழகம் உதவியது. அந்த நகல் திட்டம் 2015 ஏப்ரலில் கைவிடப்பட்டு மறுபடி எழுதப்பட்டது. 1964-ல் நகல் திட்டத்துக்கு யோசனை சொன்ன மூவரில் ஒருவர் உண்டாக்கிய கழகம், 50 வருஷம் கழித்து ஊரையே யோசனை சொல்லக் கூப்பிட்டது.

டெல்லியும் அவரைக் கூப்பிட்டது. 1985-ல் அமைத்த தேசிய நகரமய கமிஷனுக்கு அவர்தான் தலைவர். 1988-ல் கொடுத்த அறிக்கையில் நாட்டில் 329 ஊர்களைப் பெயர் சொல்லிக் குறித்து, இவற்றுக்குத் தண்ணீரும் ரோடும் தொழிலும் கொடுங்கள், இவை தாமே வளர்ந்து சுற்று வட்டாரத்தையும் வளர்க்கும் என்றது கமிஷன். ஊரில் பிழைப்பு இருந்தால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏன் ஒருவன் தாராவிக்கு மூட்டை கட்டப்போகிறான்?

பரேல் மில் நிலங்களுக்கும் அவரைக் கேட்டார்கள். 1991 விதிப்படி, மூடிய மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரசபைப் பூங்காவுக்கு, ஒரு பங்கு பொது வீடுகளுக்கு, ஒரு பங்கு சொந்தக்காரருக்கு. 1996-ல் கொரியா கமிட்டி, தேசிய ஜவுளிக் கழகத்தின் மில்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிட்டால் ஊருக்குப் பெரிய திறந்தவெளி கிடைக்கும் என்று வரைந்து கொடுத்தது. அது அலமாரிக்குப் போயிற்று. 2001-ல் விதியே மாறி, மில் கட்டிடம் நிற்காத வெற்று நிலத்தில் மட்டும் பங்கு என்று ஆயிற்று. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை அனுமதித்தது. இப்போது பரேலில் தலையை எவ்வளவு நிமிர்த்தினாலும் கட்டிடத்தின் உச்சி தெரிவதில்லை.

தாராவியில் நடந்தது

1985 டிசம்பரில் காங்கிரஸ் நூற்றாண்டு விழாவுக்குப் பம்பாய் வந்த பிரதமர் ராஜீவ்காந்தி, இந்த நகரத்துக்காக 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பங்கு தாராவிக்கு. என்ன செய்யலாம் என்று சொல்ல ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர், சார்லஸ் கொரியா.

கமிட்டி பல நல்ல காரியங்களைச் சொன்னது. சாக்கடை, தண்ணீர், ரோடு முதலில் வரவேண்டும் என்றது. ஆனால் இடம் போதாது, நெருக்கத்தைக் குறைக்கவேண்டும், ஆகவே ஒரு பகுதிக் குடும்பங்களைத் தாராவிக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்த வேண்டும் என்ற யோசனையும் வந்தது. தாராவி கொதித்தது. தோல் பதனிடும் பட்டறையும் இட்லிக் கடையும் தையல் மெஷினும் உள்ளவன் வேறிடத்தில் வீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு என்ன செய்வான்? வேலை இருக்கிற இடத்தில்தான் வீடு இருக்கவேண்டும் என்று 20 வருஷமாக எழுதி வந்தவர் கொரியா. அதே வாதத்தைத் தாராவிக்காரர்கள் அவருக்கே திருப்பிச் சொன்னார்கள்.

அடுத்தது தலைக்கணக்கு. மொத்தம் எத்தனை குடும்பம் என்ற அரசாங்க மதிப்பீட்டை யாரும் நம்பவில்லை. நாமே எண்ணுவோம் என்று கிளம்பினார்கள். முன்னால் நின்றது தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு. அதன் தலைவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். செம்பூருக்கு அப்பால் மான்கூர்டு ஜனதா காலனியில் குடியிருந்தவர். 1976-ல் அந்தக் காலனி இடிக்கப்பட்டு ஜனங்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டபோது எதிர்த்து நின்றவர். எண்ணப்படாதவனுக்கு வீடு கிடைக்காது என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. 1986-ல் ஸ்பார்க், பிரவுட் ஆகிய அமைப்புகளுடன் சேர்ந்து சந்து சந்தாகப் போய் எண்ணினார்கள். சுமார் 86 ஆயிரம் கட்டுமானங்கள், 1 லட்சத்து 6 ஆயிரம் குடும்பங்கள், 5 லட்சத்து 30 ஆயிரம் ஜனங்கள் என்று வந்தது. அரசாங்கம் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த விஷயத்தில் தாராவிக்காரர்கள் செய்ததுதான் சரி. குடியிருக்கிறவனைக் கூப்பிட்டுப் பேசித் தெருவைத் திருத்தலாம் என்று 1955-ல் படம் எடுத்த மனிதர், 30 வருஷம் கழித்துக் கமிட்டி நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்திருக்கலாம். இதனால் அவர் மீது மரியாதை குறையவில்லை. அவர் சொன்ன முறையைக் குடிசைவாசிகள் அவரைவிட நன்றாகச் செய்து காட்டினார்கள், அவ்வளவுதான். அந்தத் திட்டத்தில் கடைசியில் எழும்பியது சில ரோடுகளும், சாக்கடையும், கூட்டுறவு சங்கங்கள் கட்டிய கொஞ்சம் நாலைந்து மாடிக் கட்டிடங்களும்தான்.

மீண்டும் கணக்கெடுப்பு

கொரியா 2015 ஜூன் 16-ந் தேதி மும்பையில் காலமானார். ஜோக்கின் 2018 அக்டோபரில் காலமானார். தாராவி விஷயம் முடியவில்லை.

2022 நவம்பரில் நடந்த ஏலத்தில் 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்டு அதானி கம்பெனி தாராவி சீரமைப்பு உரிமையை எடுத்தது. 2024-ல் வீடு வீடாக நம்பர் போட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. அறிவித்த நிபந்தனைகள் இவை: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்ச ரூபாய் கட்டவேண்டும். அதற்கும் பின் வந்தவருக்கும், மாடி அறையில் இருப்பவருக்கும் வெளியே வாடகை வீடு, தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

மாடி அறை என்பது என்ன? அப்பா காலத்தில் கீழே ஒரு அறை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் இரும்பு ஏணி வைத்து மேலே ஒன்று. பேலாப்பூரில் கொரியா சுவர் ஒட்டாமல் இடம் விட்டு வரைந்து கொடுத்தது இப்படி ஏறிக்கொள்ளத்தான். தாராவியில் அப்படி ஏறியவர், ஊரை விட்டே வெளியே போகிற பட்டியலில் சேருகிறார்.

தரைக்கும் மாடிக்கும் தனித்தனியாக என்னென்ன காகிதம் வேண்டும் என்று அறுபதடி ரோட்டிலும் தொண்ணூறடி ரோட்டிலும் இப்போது பேச்சு அதுதான். மின்சார பில், வாக்காளர் பட்டியல், பழைய ரேஷன் கார்டு எது இருந்தாலும் தேதியைப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பேலாப்பூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர நினைக்கிறவர்கள் செம்பூரிலோ குர்லாவிலோ பன்வேல் வண்டி ஏறி சி.பி.டி. பேலாப்பூரில் இறங்கலாம். முதலில் கட்டிய ஓட்டு வீடுகள் சிலதான் மிச்சம். பெரும்பாலானவர்கள் இடித்து மாடி கட்டிக்கொண்டார்கள். முற்றங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.